முதலில் பாதையை அளந்து பாருங்கள்

சைக்கிள் வாங்குவதற்கும் இந்தப் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். கடன் வசூல், கையிருப்பு, காசோலை என்று எழுதிவந்த இடத்தில் திடீரென்று சைக்கிளா என்று சிரிக்கவும் கூடும். ஆனால் 2022ஆம் ஆண்டு அவசரத்தில் ஒரு சைக்கிள் வாங்கி 57,000 ரூபா நட்டப்பட்டவன் நான். அண்மையில் இன்னொன்றை ஆறுதலாகத் தேடி வாங்கியிருக்கிறேன். இரண்டுக்கும் இடையில் கற்றுக்கொண்டது சைக்கிள் வாங்குவோருக்கு மட்டுமல்ல, பொருள் வாங்கி விற்கும் எவருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

பெற்றோல் இல்லாத நாட்கள்

சம்மாந்துறையில் எனக்குப் பலசரக்கு மொத்தக் கடை. வட்டை ஓரத்துக் கிராமங்களில் 19 சில்லறைக் கடைகளுக்குக் கடனுக்குச் சாமான் கொடுக்கிறேன். லொறி இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போகும். பணம் வாங்க நான் கிழமைக்கு இரண்டு நாள் மோட்டார் சைக்கிளில் போவேன். சிறு கடைக்காரர் கடனைத் தேடிவந்து கட்டமாட்டார். கல்லாவில் காசு இருக்கும் நேரம் நாம் முன்னால் நிற்கவேண்டும். இது எல்லா மொத்த வியாபாரிகளுக்கும் தெரிந்த விடயம்.

2022இல் டொலர் சில மாதங்களில் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியது. பெற்றோல் நிலையங்களில் வரிசை நாட்கணக்கில் நீண்டது. பின்னர் கியூஆர் அட்டை வந்தபோதும் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். நான் ஐந்து வாரம் கிராமங்களுக்குப் போகவில்லை. கொப்பியைப் புரட்டிப் பார்த்தபோது வெளியே நின்ற கடன் 6 இலட்சத்து 40 ஆயிரம். விலைகள் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பணம் கைக்கு வருவதற்குள் அதன் பெறுமதி பாதியாகிவிடும் என்ற பயம் பிடித்துக்கொண்டது.

அந்தப் பயத்தில்தான் சைக்கிள் வாங்கினேன். முன்னாலும் பின்னாலும் சொக், 21 கியர், தடித்த டயர், பளபளக்கும் ஸ்டிக்கர். விலை 85,000 ரூபா. மலையே ஏறும் என்றார் கடைக்காரர். எங்கள் பகுதியில் மலை எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவசரக்காரன் கேள்வி கேட்பதில்லை.

வண்டியின் நிறை 18 கிலோவுக்கு மேல். மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கைச் சொக் ஸ்பிரிங் விழுங்கியது. தார் வீதியில் கரடுமுரடான டயர் இரைந்துகொண்டு இழுத்தது. நான்காவது மாதம் வாய்க்கால் கரையில் பின் கியரைத் தாங்கும் சிறு தகடு முறிந்தது. ஏழு கிலோமீற்றர் தள்ளிக்கொண்டு வந்தேன். விற்ற கடையில் அந்தத் தகடு இல்லை. கேட்டுப் பார்த்த வேறு இடங்களிலும் இல்லை. உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு இரும்புத் துண்டு கிடைக்காமல் 85,000 ரூபா வண்டி பெப்ரவரி வரை கொட்டிலில் கிடந்தது. கடைசியில் 28,000 ரூபாவுக்குப் போனது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த நான்கு மாதத்தில் கடனில் பெரும் பகுதி வசூலானது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பின்கதவால் போய்விடும் ஒரு கடைக்காரர் வாங்கில் இருத்தித் தண்ணீர் தந்தார். பிறகு பாதிப் பணத்தை எண்ணித் தந்துவிட்டு, "நீங்க சைக்கிள்ள வந்து கேக்கக்குள்ள, இல்லண்டு சொல்ல வாய் வருகுதில்ல காக்கா" என்றார். எனக்கு வந்த நெருக்கடி அவருக்கும் வந்ததுதான். அதை இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதன் பிறகு அவர் தவணை பிந்தவில்லை.

பெற்றோல் வந்த பிறகும் எனக்குச் சைக்கிளை விட மனமில்லை. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவன் நான். ஓடிய மாதங்களில் உடம்பு இலேசானது எனக்கே தெரிந்தது. அதனால் இம்முறை சரியான வண்டியைத் தேடத் தொடங்கினேன்.

கிறவல் சைக்கிள் என்றால் என்ன?

கட்டாரில் வேலைசெய்யும் மருமகன் தொலைபேசியில், "மாமா, ஒங்கட பாதைக்கு கிறவல் பைக்தான் சரி" என்றார். கிறவல் என்றால் செம்மண் கல் கொட்டி உருளை ஓட்டிய வீதி என்று எங்கள் ஊர்ப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பெயரில் ஒரு சைக்கிள் இருப்பது எனக்குப் புதினமாக இருந்தது.

இதன் ஊர் அமெரிக்காவின் உட்பகுதி. கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிறு நகரத்தைச் சுற்றிக் கூரான சக்கிமுக்கிக் கற்கள் நிறைந்த பண்ணை வீதிகள் இருக்கின்றன. 2006இல் அங்கே 200 மைல், அதாவது சுமார் 320 கிலோமீற்றர் ஓட்டப்போட்டி ஒன்று தொடங்கியது. பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயர் அந்தக் கல்லுக்குத் தாங்கவில்லை. மலைச் சைக்கிளோ நீண்ட தூரத்துக்குப் பாரம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வண்டி தேவைப்பட்டது. 2019இல் ஷிமானோ கம்பெனி இந்த வகைக்கென்றே ஜீஆர்எக்ஸ் என்ற கியர், பிரேக் தொகுதியைச் சந்தைக்கு விட்டது. 2022இல் சர்வதேசச் சைக்கிள் சம்மேளனம் இத்தாலியில் முதலாவது கிறவல் உலகப் போட்டியை நடத்தியது.

பார்வைக்குப் பந்தயச் சைக்கிள் போல ஹேண்டில் வளைந்திருக்கும். ஆனால் சில்லுக்கும் சில்லுக்கும் இடைத்தூரம் கூட. ஆகவே கல்லில் ஆட்டம் குறைவு. பந்தயச் சைக்கிளில் டயர் அகலம் 23 முதல் 32 மில்லிமீற்றர் வரை வரும். மலைச் சைக்கிளில் 50க்கு மேல். கிறவல் சைக்கிளில் 35 முதல் 50 வரை போடலாம். டிஸ்க் பிரேக் இருக்கும். சொக் பெரும்பாலும் இருக்காது. அலுமினியப் பிரேம் என்றால் நிறை 10, 11 கிலோ அளவில் வரும்.

கணக்குக் கொப்பியில் பாதை

மருமகன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, ஊரில் நாற்பது வருடமாகச் சைக்கிள் திருத்தும் பாஸ் ஒருவரிடம் போனேன். விலையைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். அவர் சில்லுக் கம்பியை முறுக்கிக்கொண்டே, "தம்பி, வண்டிட வெலய பொறகு கேளுங்க. ஒங்கட ரோட்டு என்ன ரோட்டு? அத முதல்ல சொல்லுங்க" என்றார். என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. முப்பது வருடமாகப் போய்வரும் பாதை அது.

அடுத்த வாரம் மோட்டார் சைக்கிளின் மீற்றரைப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். ஒரு நாள் சுற்று 45 கிலோமீற்றர். அதில் தார், கொங்கிறீட் வீதி 26. கிறவல் வீதி 14. வாய்க்கால் கரையும் வட்டைப் பாதையும் 5. ஏற்றம் என்று சொல்ல வாய்க்கால் பாலங்கள் மட்டுமே. ஆனால் ஜூன் மாதத்திலிருந்து கச்சான் காற்று முகத்தில் அடிக்கும். மாரியில் வட்டைச் சேறு சில்லில் அப்பும்.

இந்த நான்கு வரியை எழுதியபின் தெரிவு பாதி முடிந்துவிட்டது. தார் வீதியே மிகுதி என்பதால் மலைச் சைக்கிள் தள்ளுபடி. பத்தொன்பது கிலோமீற்றர் கல்லும் மண்ணும் என்பதால் பந்தயச் சைக்கிளும் தள்ளுபடி. இடையில் நிற்பதுதான் எனக்கு வேண்டியது. உங்கள் பாதை முழுவதும் தார் என்றால் கிறவல் சைக்கிள் உங்களுக்கு வீண் செலவு. முழுவதும் வேரும் பாறையும் என்றால் அது போதாது.

டயர்தான் முதலாவது கேள்வி

பிரேமை மாற்ற முடியாது. டயரை மாற்றலாம், ஆனால் பிரேம் இடம் கொடுக்கும் அளவுக்குத்தான். ஆகவே விற்பவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "இதற்குள் எத்தனை அகலம் டயர் போகும்?" என்பது. என் கணக்குக்கு 38 அல்லது 40 மில்லிமீற்றர் போதும். ஆனால் டயருக்கும் பிரேமுக்கும் இடையில் இரண்டு பக்கமும் குறைந்தது 5, 6 மில்லிமீற்றர் வெளி வேண்டும். இல்லாவிட்டால் மாரிச் சேறு இறுகிச் சில்லையே பிடித்துவிடும்.

காற்று விடயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு பிழையான பழக்கம் உண்டு. கல்லுப் போல இறுக்கினால் நன்றாக ஓடும் என்று நினைக்கிறோம். தாரில் சரி. கிறவலில் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். துள்ளும்போது மிதித்த பலம் வீண்போகிறது, முதுகும் நோகிறது. என் நிறை 74 கிலோ. 40 மில்லிமீற்றர் டயரில் டியூப் போட்டு முன்னால் 40, பின்னால் 45 பீஎஸ்ஐ வைக்கிறேன். அதற்கும் குறைத்தால் கல்லில் ரிம் இடித்து டியூப் வெட்டுப்படும். டியூப் இல்லாமல் உள்ளே பசைத் திரவம் ஊற்றும் முறையும் உண்டு. முள்ளுக்கு நல்லது. ஆனால் எங்கள் வெயிலுக்குத் திரவம் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துபோகும். திரும்ப ஊற்ற அது ஊரில் கிடைக்கவேண்டும்.

வியாபாரிகள் கவனிக்கவேண்டிய இன்னொன்று டயர் இலக்கம். நாடு முழுவதும் பெரிய சைக்கிளுக்கு விற்பனையாகும் 28 x 1½ டயர் உட்கார்கின்ற ரிம்மின் விட்டம் 635 மில்லிமீற்றர். கிறவல் சைக்கிளின் 700சீ என்ற டயரையும் சிலர் 28 அங்குலம் என்றே சொல்வார்கள். அதன் விட்டம் 622. பதின்மூன்று மில்லிமீற்றர் வித்தியாசம். ஒன்றில் மற்றது நிற்காது. 26 அங்குலத்திலும் இதே சிக்கல். 26 x 1⅜ என்றால் 590. மலைச் சைக்கிளின் 26 x 2.10 என்றால் 559. ஆகவே அங்குலத்தை நம்பவேண்டாம். டயரின் பக்கத்தில் 40-622 என்பதுபோல் சிறிய எழுத்தில் இருக்கும். முதல் இலக்கம் அகலம், இரண்டாவது விட்டம். நட்டம் வராமல் காப்பது அந்தச் சிறிய எழுத்துத்தான்.

கியரும் பிரேக்கும்

முன்னால் ஒரு பல்சில்லு மட்டும் உள்ள வண்டியும் உண்டு, இரண்டு உள்ளதும் உண்டு. ஒன்று என்றால் பழுது குறைவு. செயின் கழராது, பழகுவதும் இலேசு. இரண்டு என்றால் கியருக்குக் கியர் வித்தியாசம் சிறிதாக இருக்கும். உதாரணமாக, முன்னால் 40 பல்லும் பின்னால் 11 முதல் 42 பல்லும் உள்ள வண்டியில் மிக இலேசான கியரில் ஒரு மிதிக்குச் சில்லு 0.95 தடவை சுற்றும். முன்னால் 46, 30 என்று இரண்டும் பின்னால் 11 முதல் 34 வரையும் இருந்தால் அது 0.88. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஏறுகிறவருக்கு இந்த வித்தியாசம் கால் மூட்டில் தெரியும். எங்கள் சமதரைக்கு எதுவும் போதும். நான் பார்த்தது வேறு. பின்னால் 8, 9 பல்சில்லு உள்ள தொகுதியின் செயின் மலிவு, கிடைப்பதும் இலேசு. 11, 12 என்று போகும்போது செயின் மெலியும், விலை ஏறும். செம்மண் தூளும் எண்ணெயும் சேர்ந்தால் அரத்தாள் போலச் செயினைத் தேய்க்கும். தேயப்போகும் பொருளுக்கு எதற்கு விலை உயர்ந்த சாதி?

பிரேக்கில் ரிம்மைப் பிடிக்கும் வகை சேற்றில் வழுக்கும், ரிம்மையும் தின்னும். டிஸ்க்கே நல்லது. அதிலும் எண்ணெயில் இயங்குவது மெதுவாகத் தொட்டாலே நிற்கும். ஆனால் காற்றுப் புகுந்தால் அதற்குரிய எண்ணெயும் கருவியும் வேண்டும். வயரில் இயங்கும் டிஸ்க் பிரேக்கை வட்டை நடுவில் ஒரு சாவியால் இறுக்கலாம். நான் வயரையே தெரிவு செய்தேன். காபன் பிரேமையும் விட்டுவிட்டேன். இலேசுதான். ஆனால் வெடித்தால் எங்கள் ஊரில் கைவைக்க ஆள் இல்லை. பின்னால் கரியர் பூட்டத் துளை இருக்கிறதா என்பதையும் பார்த்தேன். பந்தயத்துக்குச் செய்த சில வண்டிகளில் அது இல்லை. கணக்குக் கொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போகமுடியாது.

மூன்று வண்டிகள்

கடைசியில் மூன்று என் முன்னால் நின்றன. முதலாவது, ஜப்பானிலிருந்து வந்த பழைய நேர் ஹேண்டில் சைக்கிள், 95,000 ரூபா. நல்ல வண்டி. ஆனால் அளந்து பார்த்தபோது 32 மில்லிமீற்றர் டயருக்கே பக்கத்தில் 3 மில்லிமீற்றர்தான் மிச்சம். மாரிக்கு உதவாது. இரண்டாவது, கொழும்பில் புத்தம் புதிய அலுமினியக் கிறவல் சைக்கிள், 385,000 ரூபா. மூன்றாவது, வெளிநாடு போகும் ஒருவர் விற்ற அதே தரத்து வண்டி, ஒன்றரை வருடப் பாவனை, 210,000 ரூபா.

மூன்றாவதைப் பார்க்கப் பாஸ் காக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கொண்டுவந்தது ஒரு இரும்பு அடிமட்டம் மட்டுமே. புதிய செயினில் ஒரு ஆணியின் நடுவிலிருந்து எண்ணி 24 கண்ணி தள்ளி உள்ள ஆணி வரை சரியாக 12 அங்குலம் இருக்கும். அரை நூல் கூடினால் செயினை மாற்றவேண்டும். ஒரு நூல் கூடினால் பின் பல்சில்லும் போய்விட்டது என்று அர்த்தம். இந்த வண்டியில் அரை நூல் கூட இருந்தது. அதைக் காட்டி 8,000 ரூபா குறைத்தோம். பிறகு பிரேமைக் கவிழ்த்து ஒட்டுகளில் வெடிப்புப் பார்த்தார், சில்லைச் சுற்றவிட்டுக் கோணல் பார்த்தார், கியர் தாங்கும் தகட்டை வளைவு பார்த்தார். என் உயரம் 5 அடி 6 அங்குலம். ஏறி அரை மணித்தியாலம் ஓடிப் பார்த்தேன். கை நீட்டும் தூரம் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஹேண்டிலைப் பிடிக்கும் துண்டைக் குட்டையானதாக மாற்றினால் சரியாகும் என்றார். அவ்வாறே ஆனது. வளைந்த ஹேண்டில் இந்த வயதில் எதற்கு என்று முதலில் யோசித்தேன். கச்சான் காற்றில் குனிந்து பிடித்தபோது விளங்கியது. கையை மாற்றி மாற்றி வைப்பதால் விரல் விறைப்பதும் இல்லை.

வாங்கிய அன்றே அந்தப் பிரேமுக்குரிய கியர் தகட்டில் இரண்டை வரவழைக்கச் சொல்லிப் பணம் கட்டினேன். ஏழு கிலோமீற்றர் நடந்த பாடம் அது.

உண்மையான கணக்கு

இனி ஒளிக்காமல் கணக்கைச் சொல்கிறேன். கிழமைக்கு 90 கிலோமீற்றர். மோட்டார் சைக்கிள் லீற்றருக்கு 40 ஓடும் என்றால் 2¼ லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 675 ரூபா. வருடத்தில் 50 கிழமை ஓடினால் 33,750 ரூபா மிச்சம். டயர், செயின், பிரேக் கட்டை என்று வருடத்துக்கு 15,000 ரூபா கழியுங்கள். மீதி 18,750. வண்டிக்குக் கொடுத்தது 202,000. முதல் திரும்ப வர 11 வருடம் போகும். ஆகவே பெற்றோல் மிச்சம் பிடிக்க யாரும் கிறவல் சைக்கிள் வாங்க வேண்டாம். அதற்கு ஊரில் ஓடும் பெரிய சைக்கிளே போதும். அதன் டயர் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

நான் வாங்கியது உடம்புக்காகவும், கிராமத்துக்கு இறங்கிப் போவதற்காகவும். அதனால் பணத்தைக் கடைக் கணக்கில் எழுதவில்லை, வீட்டுக் கணக்கில் எழுதினேன். "மருந்துச் செலவுக்குக் கீழ எழுதுங்க" என்றார் என் மனைவி. அங்கேதான் எழுதினேன். ஆசைக்கு வாங்குவதைத் தொழில் முதலீடு என்று பெயர் வைத்துக் கடையிலிருந்து எடுப்பது நம்மில் பலர் செய்யும் பிழை. வாங்குங்கள், ஆனால் சரியான பக்கத்தில் எழுதுங்கள்.

இந்த வகைச் சைக்கிளைத் தங்கள் ஊரில் விற்க நினைக்கும் சகோதர வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. வண்டியைக் கொண்டுவந்து அடுக்குவதற்கு முன் 40-622 டயர், டியூப், 9 கியர்ச் செயின், பிரேக் கட்டை ஆகியவற்றை அலுமாரியில் வையுங்கள். 2022இல் எனக்கு விற்ற கடைக்காரர் அந்தச் சிறு தகடு ஒன்றை வைத்திருந்தால் நான் இன்றும் அவருடைய வாடிக்கையாளன். இரண்டாவது வண்டியையும் அவரிடமே வாங்கியிருப்பேன்.

கடந்த புதன்கிழமை வாய்க்கால் கரையால் வந்துகொண்டிருந்தேன். முன்பு பின்கதவால் போன அதே கடைக்காரர் வாசலில் நின்று வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "என்ன வெல காக்கா?" என்றார். "வெலய பொறகு சொல்றன், ஒங்கட ரோட்டு என்ன ரோட்டு?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். பிறகு உட்கார்ந்து, மகன் பள்ளிக்குப் போகும் பாதையை ஒவ்வொரு பாலமாக எண்ணத் தொடங்கினார்.